பாதியில் நிற்கும் வேலையை எங்கே வைப்பது? லேப், மேக்கர் ஸ்பேஸ், டிராலி மூன்றையும் ஒப்பிட்டால்

ஒரு பள்ளியில் ஓர் அறை காலியாகிறது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது, தொழில்நுட்பப் பாடத்துக்கு அதை எப்படி அமைப்பது என்று கூட்டம் போடுகிறார்கள். வரிசையாகக் கம்ப்யூட்டர் போட்டு லேப் ஆக்கிவிடலாம் என்பார் ஒருவர். இன்னொருவர் எங்கோ பார்த்துவிட்டு வந்து, நடுவில் பெரிய மேஜைகள், சுவரோரம் த்ரீடி பிரிண்டர், லேசர் கட்டர் என்று, பிள்ளைகளே பொருள்களைச் செய்து பார்க்கும் மேக்கர் ஸ்பேஸ்தான் வேண்டும் என்பார். மூன்றாமவர், பெரும்பாலும் கணக்கு வழக்கு பார்ப்பவர், அறையை வேறு எதற்காவது வைத்துக்கொண்டு சாமான்களை ஒரு டிராலியில் போட்டு வகுப்புக்கு வகுப்பு தள்ளிக்கொண்டு போனால் என்ன என்று கேட்பார். இந்த மூன்று வகை இடத்திலும் நான் பாடம் எடுத்திருக்கிறேன். மூன்றிலும் நன்றாக நடந்த நாட்களும் உண்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்த நாட்களும் உண்டு.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அறையைக் குறை சொல்லும் ஆசிரியரின் வாயை அடைக்க ரொம்ப வசதியானது அது. ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்து, நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைகள் தடுக்கி விழுவதையும் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படைப்பாற்றல் என்றதும் கலர் கலராக எதையாவது செய்து ஒட்டுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தொழில்நுட்பப் பாடத்தில் நான் பார்ப்பது ஒன்றுதான்: ஒரே சிக்கலை 30 பேருக்குக் கொடுத்தால் எத்தனை வேறு வேறு தீர்வுகள் வருகின்றன, அவற்றில் எத்தனை வேலை செய்கின்றன. 30 பேரும் ஒரே எல்.ஈ.டி. விளக்கை ஒரே வேகத்தில் மினுக்கவைத்தால், வகுப்பு ஒழுங்காக நடந்தது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்.

சரி, லேபிலிருந்து தொடங்கலாம்.

வரிசையாக மேஜை, ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், முன்னால் புரொஜெக்டர். இந்த அமைப்பைத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது, ஆனால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு வரிசை இருக்கைதான் மாணவர்களை வேலையில் நிறுத்துகிறது என்று வகுப்பறை இருக்கை அமைப்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் சொல்கிறது. நிரலில் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் லூப் என்றால் என்ன என்று முதன்முதலாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, எதிரே நான்கு பேர் ஓடியாடிக்கொண்டிருப்பது உதவாது.

சிக்கல் புரொஜெக்டரில் இருக்கிறது. வரிசை லேபில் எல்லோருடைய கண்ணும் ஒரே திரையைத்தான் பார்க்கும். அந்தத் திரையில் ஆசிரியர் செய்துகாட்டிய மாதிரிதான் இருக்கும். 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொறியியல் மாணவர்களிடம், சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஸ்ட்ரா வைக்கக் கூடாது என்று வேலைக் குறிப்பிலேயே எழுதியும் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு மாதிரி வரைபடத்தையும் கையில் கொடுத்தார்கள், அந்த மாதிரியில் ஸ்ட்ரா இருந்தது. அந்தக் குழுவில் நிறையப் பேர், கூடாது என்று எழுதியிருந்தும், ஸ்ட்ரா வைத்தே வரைந்தார்கள். மாதிரியில் இருந்த குறையும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. வடிவமைப்பு ஆய்வில் இதற்கு ‘வடிவ ஒட்டுதல்’ என்கிற பொருளில் ஒரு பெயரே உண்டு. இதைப் படித்த பிறகுதான் என் வகுப்பில் எல்லோருடைய விளக்கும் ஏன் சிவப்பாகவே இருக்கிறது என்று எனக்கு உறைத்தது: நான் செய்துகாட்டியது சிவப்பு.

லேபை முழுக்க மாற்றாமலே இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டர்களைச் சுவரை ஒட்டி மூன்று பக்கமும் போட்டு, நடுவில் ஒன்றுமில்லாத மேஜை ஒன்றைப் போட்டுவிடுவது. டைப் செய்யும்போது சுவரைப் பார்த்து உட்காருவார்கள், யோசிக்கவோ வரையவோ பேசவோ நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நடுவுக்கு வருவார்கள். ஒயர்கள் சுவரோரமாகவே ஓடிவிடும், காலில் மாட்டாது. நடுவில் நின்றால் எல்லாத் திரையும் ஆசிரியர் கண்ணில் படும் என்பதை இதன் பெரிய நன்மையாகச் சொல்வார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். முதுகுக்குப் பின்னால் யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற நினைப்பு சோதனை முயற்சிகளைக் கொன்றுவிடும். தெரேசா அமபிலி என்ற உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியது இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: ‘இதை மதிப்பிடப் போகிறோம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யச் சொன்னால், சொல்லாமல் விட்டவர்கள் செய்ததைவிடப் படைப்பாற்றல் குறைந்த படங்களே வந்தன. நடுமேஜைப் பக்கம் ஆசிரியர் உட்கார்ந்தே இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன். சொல்வது சுலபம், எனக்கே கால் நிற்காது.

அடுத்தது மேக்கர் ஸ்பேஸ். படத்தில் பார்க்க அழகாக இருப்பது இதுதான், அதனாலேயே கூட்டத்தில் வென்றுவிடும்.

இதன் வேர் நல்ல வேர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998-இல் ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் செய்யக் கற்றுத்தரும் ஒரு வகுப்பைத் தொடங்கினார், இயந்திரங்களைப் பயன்படுத்தத் தெரியாத பல துறை மாணவர்களும் அதற்கு முண்டியடித்தார்கள். அதிலிருந்து ஃபேப் லேப், அதாவது யாரும் வந்து இயந்திரங்களில் பொருள் செய்து பார்க்கும் பட்டறை, என்ற யோசனை பிறந்து உலகம் முழுக்கப் பரவியது. நல்ல மேக்கர் ஸ்பேஸ் ஒன்றில் இருக்கும் மிகப் பெரிய விஷயம் இயந்திரம் கிடையாது, பார்வை. பக்கத்து மேஜையில் ஒருத்தி அட்டையை மடித்து கீல் செய்வதைப் பார்த்த பையன், தன் வண்டிக்குக் கதவு வைக்கலாமே என்று எழுந்து போவான். பொருள்கள் மூடிய பீரோவில் இருந்தால் இது நடக்காது. திறந்த தட்டில், ஒளி ஊடுருவும் டப்பாக்களில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ‘சார், ரப்பர் பேண்டு இருக்கா?’ என்று கேட்டு வாங்க வேண்டிய இடத்தில், ரப்பர் பேண்டைக் கண்ணால் பார்த்த பிறகு தோன்றும் யோசனைகள் எதுவும் தோன்றாது.

ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு த்ரீடி பிரிண்டர், 30 மாணவர்கள், ஆளுக்கு ஒரு சின்னப் பாகம், ஒன்றுக்கு 2 மணி நேரம் என்றாலும் 60 மணி நேரம் ஓட வேண்டும். ஒரே ஒரு சுற்றுக்கு. முதல் பாகம் பொருந்தாது, யாருக்குமே பொருந்தாது, துளை அரை மில்லிமீட்டர் சிறிதாகிவிடும். இரண்டாவது முறை அச்சடிக்கத் திரும்ப வரிசை. தப்பு செய்து திருத்துவதற்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தப்பே வராத வேலையைத் தேர்ந்தெடுப்பார்கள். இணையத்தில் ரெடியாக இருக்கும் கோப்பை இறக்கி, பெயரை மட்டும் மாற்றி, கீசெயின் அச்சடிப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் இந்தத் துறையில் வேலைசெய்த பாவுலோ பிளிக்ஸ்டைன் 2013-இல் இதற்கு ‘கீசெயின் நோய்’ என்றே பெயர் வைத்தார். குறைந்த உழைப்பில் பளபளப்பான பொருள் வந்துவிடுவதால், அதற்கு மேலே போகும் ஆசையே எழுவதில்லை என்பது அவர் கவனித்தது. கீசெயின்களைப் பார்த்து வருகிறவர்கள் ஆஹா என்பார்கள், அது இன்னும் மோசம்.

அட்டையும் கத்தரிக்கோலும் வைத்து அதே பாகத்தை 4 நிமிடத்தில் செய்து, பொருந்தவில்லை என்று தூக்கிப்போட்டு, அடுத்ததைச் செய்யலாம். மேக்கர் ஸ்பேஸ் வாங்கியே தீருவேன் என்பவர்களிடம் நான் சொல்வது, ஐந்தாவது அட்டை மாதிரிக்குப் பிறகுதான் பிரிண்டர் என்று ஒரு விதி வையுங்கள் என்பதே.

சத்தம், காற்று இரண்டையும் பற்றிச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2012-இல் வந்த ஓர் ஆய்வு 50, 70, 85 டெசிபல் என்று மூன்று அளவில் பின்னணிச் சத்தம் வைத்துப் பார்த்ததில், 70-இல் படைப்பாற்றல் சார்ந்த விடைகள் கூடின, 85-இல் விழுந்தன. சோதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள், அதுவும் ஆய்வுக்கூடச் சூழலில்; ஆகவே டெசிபல் மீட்டரோடு வகுப்பில் சுற்ற வேண்டாம். வெறும் சிமெண்ட் சுவருக்குள் ஒரு துளையிடும் இயந்திரமும் 30 குரல்களும் சேர்ந்தால் அது 70-இல் நிற்காது என்பது மட்டும் காதுக்கே தெரியும். காற்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. சால்டரிங் (ஒயர்களை உலோகம் உருக்கி ஒட்டுவது) புகையை வெளியேற்ற வழி வேண்டும். லேசர் கட்டரில் பி.வி.சி.யை வெட்டினால் குளோரின் சேர்ந்த நச்சு வாயு வரும், இயந்திரமும் அரித்துப்போகும். ஜன்னல் இல்லாத அறையைக் கொடுத்துவிட்டு மேக்கர் ஸ்பேஸ் ஆக்குங்கள் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பெரிய மேஜையைச் சுற்றி உட்காரவைத்தால் யோசனை தானாகப் பொங்கிவிடும் என்ற நம்பிக்கை. குழுவாக உட்கார்ந்து யோசனை சொல்பவர்களைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியே யோசித்து எழுதியதைக் கூட்டினால்தான் யோசனைகள் அதிகம் வருகின்றன என்று டீல், ஸ்ட்ரோபே இருவரும் 1987-இலேயே காட்டிவிட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதே முக்கியக் காரணம். ஆகவே மேக்கர் ஸ்பேஸிலும் முதல் 10 நிமிடம் வாய் மூடி, ஆளுக்கொரு தாளில் வரைவது, அப்புறம் சத்தம். ஒரு மூலையில் சுவரைப் பார்த்த இரண்டு நாற்காலியாவது இருக்கட்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்துதான் மிக விசித்திரமான சாமான்களைச் செய்கிறார்கள்.

இனி மூன்றாவது, டிராலி. யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்காதது. நான் அதிக நாள் ஓட்டியது இதைத்தான்.

சாதாரண வகுப்பறை, நகர்த்தக்கூடிய மேஜைகள், இரண்டு தட்டுள்ள தள்ளுவண்டி. அதில் ஆர்டுயினோ போர்டுகள் (நிரல் எழுதி விளக்கு, மோட்டாரை இயக்கும் சின்ன மின்னணுப் பலகைகள்), பிரெட்போர்டு (ஒயர்களைச் செருகிச் சுற்று அமைக்கும் பலகை), ஜம்பர் ஒயர், மோட்டார், பசை, அட்டை. செலவு குறைவு, எல்லா வகுப்புக்கும் போகும், பழுதானால் ஒரு டப்பா மட்டும் போகும். வகுப்பறை அவர்களுடைய சொந்த அறை என்பதும் ஒரு தெம்பு. லேபுக்குள் நுழையும்போது வரும் ‘எதையும் தொட்டுவிடாதே’ என்ற உடல்மொழி இங்கே இருக்காது.

ஒரு மாணவி. கையைக் கிட்டே கொண்டுபோனால் தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி செய்கிறேன் என்றாள். அட்டைப்பெட்டி, மூடியில், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் ஒரு சர்வோ மோட்டார், முன்னால் தூரம் அளக்கும் சென்சார். முதல் பீரியடில் மூடியின் கீலைச் செய்தாள். கீல் நன்றாகவே வந்தது, காகிதக்கூழை இழைத்து எப்படியோ செய்திருந்தாள். இரண்டாவதில் மோட்டாரை இணைத்தாள், அது வலிப்பு வந்தது போல வெட்டி வெட்டி இழுத்தது. பெல் அடித்தது. அடுத்த வகுப்புக்கு அதே போர்டு வேண்டும், ஆகவே எல்லா ஒயரையும் பிடுங்கி டப்பாவில் போடச் சொன்னேன். தாளில் படம் வரைந்துகொண்டு பிடுங்கினாள். அடுத்த வாரம் வந்து படத்தைப் பார்த்துத் திரும்ப மாட்டினாள், மோட்டார் திரும்ப வெட்டியது, ஏன் என்று பார்க்கத் தொடங்கியபோது பெல். 45 நிமிட பீரியடில் சாமான் கொடுக்க 6, திரும்ப வாங்கி எண்ணி அடுக்க 8, விட்ட இடத்துக்குத் திரும்ப மாட்டிவர 12. மிச்சம் 19 நிமிடம். நான்காவது வாரம் அவள் மேஜையில் குப்பைத்தொட்டி இல்லை. பக்கத்து பெஞ்சில் செய்துகொண்டிருந்த அதே மினுக்கும் விளக்கைச் செய்து, மார்க் வாங்கிக்கொண்டு போனாள்.

மோட்டார் ஏன் வெட்டியது என்று எனக்குத் தெரியும். அதற்குத் தனி பேட்டரி கொடுத்திருந்தாள், ஆனால் பேட்டரியின் மைனஸையும் போர்டின் கிரவுண்டையும் (போர்டின் மைனஸ் முனை) இணைக்கவில்லை. ஓர் ஒயர்தான். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். கண்டுபிடிக்கும் நேரத்தை நானே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்பது அப்போது புரியவில்லை.

அதிலிருந்து எனக்கு மூன்று தேர்வுகளையும் பார்க்கும் கண்ணே மாறிப்போனது. இப்போது யாராவது தங்கள் தொழில்நுட்ப அறையைக் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனால், பிரிண்டரைப் பார்ப்பதில்லை. பெல் அடித்த பிறகு பாதியில் நிற்கும் வேலை எங்கே போகிறது என்று கேட்கிறேன். லேபில் அது கோப்பாகச் சேமிக்கப்படும், ஆகவே மென்பொருள் வேலைக்கு லேப் உண்மையிலேயே நல்ல இடம். பிள்ளைகளுக்கான நிரலாக்க மொழியான ஸ்கிராட்ச் 2007-இலிருந்து இத்தனை பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும், பாதி முடித்ததை அப்படியே வைத்துவிட்டுப் போகலாம், அடுத்தவர் செய்ததைத் திறந்து மாற்றியும் பார்க்கலாம். மேக்கர் ஸ்பேஸில் இடம் இருக்கிறது, ஆனால் அடுத்த குழு வருவதற்குள் மேஜை காலியாக வேண்டும் என்று ஒரு பலகை மாட்டியிருப்பார்கள். டிராலியில் இடமே கிடையாது. பிரிட்டனில் 2016-இல் சுமார் 10 லட்சம் மைக்ரோபிட் போர்டுகளை (நிரல் எழுதிப் பழகும் சின்ன மின்னணுப் பலகை) மாணவர்களுக்கு விநியோகித்தபோது, அதைப் பள்ளிக்கு என்று இல்லாமல் அந்தந்தப் பிள்ளைக்கே சொந்தமாகக் கொடுத்தார்கள். அந்த முடிவில் எனக்குப் பிடித்தது அதுதான்: திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றால் பிரிக்கவும் வேண்டாம்.

நிறம், சுவர், வெளிச்சம் எல்லாம் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இங்கிலாந்தில் 27 தொடக்கப்பள்ளிகளில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, மாணவர்களின் கற்றல் முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 சதவீதத்தை அறையின் இயல்புகளைக் கொண்டு விளக்க முடியும் என்றது. வெளிச்சம், வெப்பம், காற்று எல்லாம் அதில் பெரிய பங்கு. அறைகலன் விற்க வருபவர்கள் இந்த 16-ஐ மேற்கோள் காட்டுவார்கள். அந்த ஆய்வு அளந்தது வாசிப்பு, எழுத்து, கணக்கு. படைப்பாற்றலை அது அளக்கவில்லை, வண்ண பீன் பேக் பற்றியும் அது ஒன்றும் சொல்லவில்லை. சுவர் நிறையப் படம் ஒட்டினால் சின்னப் பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது என்று 2014-இல் இன்னோர் ஆய்வு வந்தது. சுவரில் ஓர் இடம்தான் உண்டு என்றால் வாசகம் அச்சிட்ட போஸ்டரை எடுத்துவிட்டு, வேலை செய்யாமல் போன மூன்று மாதிரிகளையும் அவை ஏன் போயின என்ற ஒரு வரியையும் மாட்டுவேன்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? பாடம் பெரும்பாலும் நிரலாக்கம் என்றால், சுவரோர லேப், நடுவில் காலி மேஜை, யோசிக்கவேண்டாம். வகுப்புக்கு 20 பேருக்குள், முழுநேரம் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், புகைபோக்கி, பழுதுக்கு ஒவ்வோர் ஆண்டும் பணம், இத்தனையும் உறுதியாக இருந்தால் மேக்கர் ஸ்பேஸ். இதில் ஆள் இல்லை என்றால் இரண்டாம் ஆண்டில் அது பூட்டிக் கிடக்கும், விருந்தினர் வரும்போது மட்டும் திறப்பார்கள். மற்ற எல்லோருக்கும், அதாவது பெரும்பாலானவர்களுக்கு, டிராலிதான் என் வாக்கு. ஆனால் மூன்று நிபந்தனையோடு. அந்தக் காலி அறையை வெறும் அலமாரி அறையாக்கி, ஆளுக்கு ஒரு தட்டம் வைக்க இடம் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு ஒற்றை பீரியடைச் சேர்த்து ஒரே 90 நிமிடமாக்க வேண்டும், கொடுத்து வாங்கும் நேரம் அப்படியே மிச்சம். பிரிண்டருக்கு வைத்திருந்த பணத்தில் கூடுதலாகப் போர்டுகள் வாங்க வேண்டும், இரண்டு பேருக்கு ஒன்று என்றாலும் அந்தப் பருவம் முடியும்வரை யாரும் பிடுங்காமல் இருக்கும்படி. மார்க்கை ஒவ்வொரு வாரமும் போடாமல் பருவ முடிவில் ஒருமுறை போட்டால் இன்னும் நல்லது. அதற்கு அனுமதி கிடைப்பது அலமாரி கிடைப்பதைவிடக் கஷ்டம் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரே ஒரு எதிர்ப்பு நியாயமானது: பாதி வேலைகள் அலமாரியில் தூசி படிந்து, எது யாருடையது என்று தெரியாமல் குப்பையாகிவிடும். ஆகும். எங்களுக்கும் ஆனது. அப்புறம் ஒவ்வொரு தட்டத்திலும் ஒரு சீட்டு ஒட்டச் சொன்னோம், பெயர், தேதி, அடுத்து செய்ய வேண்டியது. இரண்டு வாரம் தேதி மாறாத தட்டத்தைக் கலைத்துச் சாமான்களைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். முதலில் எல்லோரும் மூன்றாவது வரியில் ‘முடிக்க வேண்டும்’ என்றுதான் எழுதினார்கள். மாதக் கடைசியில் அலமாரியைச் சரிபார்த்தபோது ஒரு தட்டத்தில், மூடி பாதி திறந்த ஓர் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், பென்சிலில் எழுதியிருந்தது: ‘பேட்டரி மாற்றியும் மோட்டார் ஆடுகிறது. போர்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, செவ்வாய்க்கிழமை பார்க்கணும்.’